முந்நூறு விசிறி

வாங்க தம்பி, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இங்கிட்டு வாங்க. வாடகைக்குப் போற சேர் அத்தனையும் கல்லு மாதிரி நிக்கும், கடைக்காரன் உக்கார்ற சேர்தான் ஆடும். பந்தல் கடை வெச்சவன் பொழப்பு அது. டீ ஊத்தவா? பிளாஸ்க்ல இருக்கு.

அந்தக் காலண்டர் ஆல்பத்தை முதல்ல மூடுங்க. முருகரு, லட்சுமி, பூனைக்குட்டியோட ஒரு குழந்தை, அருவிக்கரையில ஒரு வீடு. எல்லாம் பாத்தாச்சு. ஆடி பொறந்தாப் போதும், சிவகாசியிலருந்து ஆளுக்கு ஒரு ஆல்பத்தைத் தூக்கிக்கிட்டு சாத்தூருக்குக் கெளம்பி வந்திர்றீங்க. இந்த வருசம் எனக்கு ஆயிரம் காலண்டரும் வேண்டாம், சாவிக்கொத்தும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். விசிறின்னு மட்டும் நீங்க வாயைத் தொறந்தீங்க, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்.

ஒண்ணே ஒண்ணு வேணும். அதைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்க அச்சாபீஸ் என் குடும்பத்துல செஞ்சு வெச்ச வேலையை நீங்க கேட்டுத்தான் ஆகணும். என் வீட்டம்மா சீனியம்மா கோவிச்சுக்கிட்டு மேட்டுப்பட்டியில அவங்க அம்மா வீட்ல போய் உக்காந்து நூறு நாளுக்கு மேல ஆச்சு. நூறு நாளா நான் சமைச்சதை நானே திங்கிறேன். இந்த வேதனை எவனுக்கும் வரக்கூடாது.

நமக்குப் பழைய தொழில் பந்தல், சேர், பாத்திரம். கல்யாணம், சடங்கு, காதுகுத்துன்னு நல்லாத்தான் போச்சு. ஊர்ல மண்டபம் வந்துச்சு, நம்ம பந்தல் போச்சு. நான் யோசிச்சேன். கல்யாணத்தை மண்டபத்துக்குக் கொண்டு போயிரலாம், சாவைக் கொண்டு போக முடியுமா? அதுக்கு வீட்டு வாசல்தானே? உடனே பிரீசர் பாக்ஸ் ரெண்டு வாங்கிட்டேன். கண்ணாடி மூடி, உள்ள டியூப் லைட்டு, நாலு சக்கரம். அருமையான பெட்டி தம்பி. நான் படுத்தே பாத்தேன். சித்திரை வெயிலுக்கு எந்திரிக்கவே மனசு வரல.

ஆனா சாத்தூர்ல ஒரு சாவு விழுந்தா போன் அய்யலுசாமிக்குத்தான் போகும். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வெச்சிருக்கான். கடைன்னா என்ன கடை, ஒரு போர்டுகூட ஒழுங்கா இல்ல. சுவத்துல கரியால நம்பர் எழுதிப் போட்டிருக்கான். பெட்டியும் பழசு, மூடியில ஒரு மூலையில கீறல். ஆளும் அப்படித்தான். கேத வீட்டுக்குப் போனா செருப்பைத் தெருவுலயே கழட்டிப் போட்டுட்டு, சத்தங்காட்டாம உள்ள போய், செத்தவங்க காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு, பெட்டியில வெச்சுட்டு, ஒரு ஓரமா தரையில உக்காந்துக்கிடுவான். ஒரு விசிட்டிங் கார்டு நீட்டத் தெரியாது. ஒரு பேனா குடுக்கத் தெரியாது. இவனுக்கு எப்படிய்யா யாவாரம் ஓடுதுன்னு எனக்கு இன்னிவரைக்கும் விளங்கல.

அந்த வயித்தெரிச்சல்ல இருக்கும்போதுதான் மதுரையில ஒரு ஓட்டல்ல தொழில் வளர்ச்சிக்கு ஒரு நாள் வகுப்புன்னு நோட்டீஸ் பாத்தேன். போனேன். கோட்டு போட்ட ஒரு சார் பேசுனாரு பாருங்க, ஆகா! "உங்க பேரு கஸ்டமர் வீட்டுக்குள்ள நுழையணும். காலையில கண் முழிச்சா அதுல முழிக்கணும். இலவசமா ஒண்ணு குடுங்க, அவர் அதைத் தூக்கிப் போட மனசு வராத மாதிரி குடுங்க. உங்களுக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கிறவங்களுக்கு ஒரு பரிசு வைங்க." அப்புறம் ஒவ்வொருத்தரா எழுப்பிக் கேட்டாரு, "உங்க பழைய கஸ்டமர் திரும்பத் திரும்ப வர்றதுக்கு என்ன செஞ்சிருக்கீங்க?" என் முறை வந்துச்சு. எந்திரிச்சு, "சார், நான் பிரீசர் பாக்ஸ், நம்மகிட்ட வந்தவரு திரும்ப வரமாட்டாரு"ன்னேன். ஹாலே சிரிச்சது. சாருக்கு மட்டும் சிரிப்பு வரல. மத்தியானம் சாப்பாட்டுக்கு என் பக்கத்துல உக்காரவும் இல்ல.

அந்த வருசந்தான் உங்ககிட்ட ஆயிரம் தினசரி காலண்டர் போட்டேன். ஞாபகம் இருக்கா? மேல திருச்செந்தூர் முருகரு, கீழ கொட்டை எழுத்துல "கொண்டல் பிரீசர் பாக்ஸ், இருபத்து நாலு மணி நேரமும்". நானே வீடு வீடா ஏறிக் குடுத்தேன். ஓசிக் காலண்டர்னா ஒருத்தருக்கு ரெண்டா வாங்குற ஊரு இது. அந்த ஊர்ல காலண்டர் வேண்டாம்னு கும்பிட்டவங்களை என் கண்ணால பாத்தேன். வாங்குனவன் மட்டும் என்ன செஞ்சான்? முருகரை வெச்சுக்கிட்டு கீழ இருக்கிற என் பேரைக் கத்திரிக்கோல் வெச்சு வெட்டிட்டான். ஜவுளிக்கடை சம்பந்தம்னு ஒருத்தரு, நெஞ்சுவலிக்காரரு, என்னைக் கூப்பிட்டுச் சொல்றாரு, "யோவ் கொண்டல், காலையில தாள் கிழிக்கும்போதெல்லாம் உன் பேரு என்னைப் பாத்து, இன்னிக்கா நாளைக்கான்னு கேக்குதுய்யா." நல்ல விளம்பரம்னா அதுதானே தம்பி? மனசுல நின்னிருச்சுல்ல? அதை அவரு பாராட்டாச் சொல்லலங்கிறது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைச்சுது.

சரி, காலண்டர் போகட்டும்னு அடுத்தது பரிசுத் திட்டம். "முதல் தகவல் சொல்பவருக்கு எவர்சில்வர் குடம்"னு நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டுனேன். குடத்து வாயைச் சுத்தி என் கடைப் பேரு வெட்டியிருக்கும். தண்ணிக்குப் போறவங்க இடுப்புல உக்காந்து என் பேரு தெருத்தெருவாப் போகும்ல? இதை நானேதான் யோசிச்சேன், கோட்டு சார்கூடச் சொல்லல.

சீனி அன்னிக்கே சொன்னா. "ஏங்க, சாவுச் செய்திக்குப் பரிசு குடுப்பாங்களா? காக்கா மாதிரி ஊர்ல ஒவ்வொருத்தரும் அடுத்த வீட்டையே பாத்துக்கிட்டு இருப்பாங்க." நான் கேக்கல. பொம்பளைக்கு யாவாரம் என்ன தெரியும்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சரி விடுங்க.

தை மாசம், பொங்கல் கழிஞ்சு ஒரு வாரம் இருக்கும். காலையில ஒரு பத்து மணிக்கு போன். மேட்டுப்பட்டியிலருந்து செண்பகம். என் மாமியா வெள்ளத்தாயிக்கு எதிர்த்த வீட்டுக்காரி. "அண்ணே, வெள்ளத்தாயி அத்தை போயிட்டாங்கண்ணே. வாசல்ல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க, அப்படியே சாஞ்சுட்டாங்க. மூச்சு இல்ல. அண்ணே, நான்தான் முதல்ல சொல்றேன், பாத்துக்குங்க."

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அத்தை நல்ல மனுசி தம்பி. வாய் ஜாஸ்தி, ஆனா நல்ல மனுசி. என்னை "மாப்ளை"ன்னு கூப்பிட்டா அதுல பாதி மரியாதை, பாதி நக்கல். இருந்தாலும் கோழி அடிச்சா ஈரல் எனக்குத்தான் வரும். அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. ஆனா உள்ளுக்குள்ள இன்னொரு நெனப்பும் ஓடுது. இந்நேரம் எவனாவது அய்யலுசாமிக்குப் போன் போட்டிருந்தா? என் சொந்த மாமியா அவன் பெட்டியில படுத்தா நான் ஊர்ல தலை காட்ட முடியுமா? ஆளுக ரெண்டு பேரைக் கூப்பிட்டேன், பெட்டியை ஏத்து, மேட்டுப்பட்டிக்குப் பறன்னு அனுப்பிட்டேன். அப்புறம் வீட்டுக்குப் போயி சீனிகிட்டச் சொன்னேன்.

இதைத்தான் அவ இன்னிவரைக்கும் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறா. "எங்க அம்மா செத்துட்டாங்கன்னதும் முதல்ல பெட்டிக்குச் சொன்னீங்க, அப்புறம் எனக்குச் சொன்னீங்க." நீங்களே சொல்லுங்க தம்பி, அஞ்சு நிமிசம்தானே வித்தியாசம்? என்னது? தம்ளரையே பாத்துக்கிட்டு இருக்கீங்க? சரி, டீயைக் குடிங்க.

ஒரு காரைப் பிடிச்சு அவளை ஏத்திக்கிட்டுப் போறேன். தலைமுடியை அவுத்துப் போட்டுக்கிட்டு மாரடிச்சு அழுகுறா. "என்னப் பெத்த தாயே, போன வாரம் வரச் சொன்னீங்களே, வராமப் போயிட்டேனே"ன்னு ஒரே கதறல். பாதி வழியில என் போனுக்கு ஒரு போட்டோ வந்துச்சு. பெட்டியை எறக்கி பிளக்கு மாட்டுனதும் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும்னு ஆளுகளுக்கு உத்தரவு. வேலை சுத்தமா நடந்துச்சான்னு பாக்கணும்ல? தொறந்து பாத்தேன். பெட்டி இருக்கு. டியூப் லைட்டு எரியுது. அத்தையும் இருக்காங்க. பெட்டிக்கு வெளிய இருக்காங்க. நாற்காலி போட்டு உக்காந்து, கையில கஞ்சித் தம்ளரோட, வாயெல்லாம் சிரிப்பு.

எனக்குப் பேயறைஞ்ச மாதிரி ஆயிருச்சு. பக்கத்துல சீனி அழுகுறா. எப்படிச் சொல்ல? "அழாத, உங்க அம்மா கஞ்சி குடிக்கிறாங்க"ன்னா சொல்ல முடியும்? போட்டோவை அமுக்கி வெச்சுட்டு வாயை மூடிக்கிட்டு வந்தேன்.

போய் எறங்குனோம். மேட்டுப்பட்டியே வாசல்ல நிக்குது. அத்தைக்குச் சக்கரை குறைஞ்சு மயக்கம், வேற ஒண்ணும் இல்ல. யாரோ வாயில சீனித்தண்ணி ஊத்தவும் முழிச்சுட்டாங்க. முழிச்சதும் கண் முன்னாடி நம்ம பெட்டி. என்னைப் பாத்தாங்க பாருங்க ஒரு பார்வை. "வாங்க மாப்ளை. இருபத்தஞ்சு வருசமா ஒரு பிரிட்ஜ் வாங்கிக் குடுங்கன்னு கேட்டேன், மறக்காம கொண்டாந்துட்டீங்களே. தயிரை எந்தப் பக்கம் வைக்கணும், தலைமாட்டுலயா, கால்மாட்டுலயா?"

தெருவே குலுங்கிச் சிரிச்சது. சீனி அம்மா மடியில விழுந்து அழுகுறா, நடுவுல சிரிக்கிறா. சிரிச்சு முடிச்சுட்டு அத்தை சொன்னாங்க, இந்தத் தடவை சிரிப்பு இல்ல. "சீனி, நல்லாக் கேட்டுக்கோ. என் கட்டை விழுந்தா இந்தப் பெட்டியில ஏறக்கூடாது. இதுல வெச்சீங்க, நான் எந்திரிச்சு நடந்தே சுடுகாட்டுக்குப் போயிருவேன்." நான் பெட்டியைத் திரும்ப ஏத்திக்கிட்டு வந்தேன். வண்டி நகரும்போது செண்பகம் ஓடி வர்றா. "அண்ணே, குடம்?" "ஏம்மா, ஆள் உசுரோட இருக்கு, குடமா?"ன்னேன். "தகவல் சொல்றவங்களுக்குன்னுதானே போட்டிருக்கு, சரியான தகவல்னு போடலையே?"ங்கிறா. குடுத்துட்டேன். என்ன செய்ய, நோட்டீஸ் நான் அடிச்சது.

அதுலருந்து அத்தை பாக்குறவங்ககிட்டயெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்லுவாங்க. மூணு மாசம் சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்சங் கொஞ்சமா முட்டாளாகிக்கிட்டே போனேன்.

இப்ப உங்க விசயத்துக்கு வர்றேன். பங்குனியில நான் உங்களுக்குப் போன் போட்டேனா இல்லையா? முந்நூறு அட்டை விசிறி, கோயில் கொடைத் திருவிழாவுல குடுக்கன்னு. முன்பக்கம் கடைப் பேரு, போன் நம்பரு, ஒரு குத்துவிளக்கு. "பின்பக்கம் என்ன போடட்டும் அண்ணாச்சி?"ன்னு கேட்டீங்க. நான் அப்ப ஒரு வீட்ல பந்தல் கட்டிக்கிட்டு ஏணி மேல நிக்கிறேன். "எல்லாருக்கும் என்ன போடுவீங்களோ அதையே போடுங்க தம்பி"ன்னேன். ஏணியில நிக்கிறவன் சொல்றதையா கேப்பாங்க? ஒரு கடையைப் பாத்து, என்ன தொழில்னு பாத்து அச்சடிக்க வேண்டாமா? மிட்டாய்க் கடைக்கும் நமக்கும் ஒரே பின்பக்கமா?

சித்திரை பொறந்ததும் விசிறி வந்துச்சு. அம்பது அம்பதாக் கட்டி, முன்பக்கம் தெரியிற மாதிரி. பாத்தேன், பேரு பளிச்சுன்னு இருக்கு, சரின்னு அப்படியே வண்டியில அடுக்கி வெச்சுட்டேன்.

மறுநாள் காலையில அய்யலுசாமி எனக்குப் போன் போடுறான். என் ஜென்மத்துல அவன் எனக்குப் போட்ட முதல் போன். "அண்ணாச்சி, மேட்டுப்பட்டியில உங்க அத்தை தவறிட்டாங்க. உங்க வீட்டம்மா என்னைக் கூப்பிட்டிருக்காங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பெட்டியை எடுக்கலாம்னு நெனைச்சேன்." திமிரைப் பாத்தீங்களா தம்பி? என் மாமியா செத்ததை எனக்கு அவன் சொல்றான்! சீனி ஒரு வாரமா அம்மாவுக்கு முடியலன்னு அங்கதான் இருக்கா. எனக்குச் சொல்லல. முதல்ல பெட்டிக்குச் சொன்னா. அய்யலுசாமி பெட்டிக்கு.

நானும் என் பெட்டியை ஏத்திக்கிட்டுப் போனேன். போகாம? ஊர் முழுக்க என்ன பேசும்? கொண்டலோட சொந்த மாமியாளே அவன் பெட்டியை நம்பலன்னு பேசும். அப்புறம் எவன் வருவான் என் கடைக்கு? இந்தப் பெட்டிதான் தம்பி எனக்கு மிச்சம் இருக்கிற தொழிலு. வாசல்ல போய் நிறுத்துறேன், சீனி நிலைப்படியில வந்து நிக்கிறா. கண்ணெல்லாம் வீங்கியிருக்கு. சத்தம் போடல. "அம்மா சொன்ன சொல்லு. அந்தப் பெட்டி உள்ள வந்தா நான் வெளிய போயிருவேன்." அவ்வளவுதான் சொன்னா. பெட்டி வண்டியிலயே இருந்துச்சு.

உள்ள போனேன். அத்தை அய்யலுசாமி பெட்டியில கெடக்காங்க. மூடியில அந்தக் கீறல். அவன் ஓரமா தரையில உக்காந்திருக்கான், நம்மளைப் பாத்ததும் எந்திரிச்சு எடம் விட்டான். நான் துண்டை எடுத்துக் கண்ணைத் தொடைச்சேன். அத்தைக்காகத்தான் தொடைச்சேன், பெட்டிக்காக இல்ல. பெட்டிக்காகவும் கொஞ்சம்.

அப்பப் பாத்து கரண்டு போச்சு. சித்திரை மாசம், மத்தியானம் ரெண்டு மணி, தகரப் பந்தல். அவன் பெட்டிக்கு ஜெனரேட்டர் கொண்டாந்திருந்தான், அத்தைக்குக் குளுகுளுன்னு இருக்கு, உசுரோட இருக்கிறவங்கதான் வேகுறாங்க. கெழடுகட்டை, கைக்குழந்தை எல்லாம் முந்தானையால விசிறுது. எனக்குப் பளிச்சுன்னு ஞாபகம் வந்துச்சு. வண்டியில முந்நூறு விசிறி!

சத்தியமாச் சொல்றேன், அந்த நேரத்துல யாவாரம் பாதிதான் மனசுல இருந்துச்சு. மீதிப் பாதி அவங்க வேகுறதைப் பாக்க முடியல. கட்டைப் பிரிச்சேன், கடகடன்னு குடுத்தேன். வாங்குனாங்க தம்பி! காலண்டரை வேண்டாம்னு கும்பிட்ட அதே சனம் கையை நீட்டி நீட்டி வாங்குச்சு. "நல்லாருப்பே மகனே"ன்னு ஒரு ஆத்தா கன்னத்தைத் தடவுனாங்க. முந்நூறு விசிறியும் ஒண்ணா அசையுது, எந்தப் பக்கம் திரும்புனாலும் கொண்டல், கொண்டல், கொண்டல். நடுவுல அய்யலுசாமி பெட்டி. பாருடா அய்யலு, பெட்டிதான் உன்னுது, காத்து என்னுதுடான்னு நெனைச்சுக்கிட்டேன். ஒரு பத்து நிமிசம் நான் ராஜா.

சீனியோட பெரியப்பா ஒருத்தரு இருக்காரு, ரிட்டயர்டு வாத்தியார். எழுத்தைக் கண்டா சத்தமா வாசிக்காம இருக்க மாட்டாரு. விசிறியைத் திருப்புனாரு. கண்ணாடியை ஏத்துனாரு. பாடம் நடத்துற குரல்ல வாசிச்சாரு பாருங்க: "நன்றி! மீண்டும் வருக!"

கேத வீட்டுக்கு வந்தவங்களை வாங்கன்னு கூப்பிட மாட்டோம். கெளம்பும்போது போயிட்டு வர்றேன்னு சொல்ல மாட்டோம். சொன்னா இன்னொரு சாவுக்கு வரச் சொன்ன மாதிரின்னு பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த வீட்ல, அந்தப் பெட்டிக்கு முன்னாடி, முந்நூறு கையில, ரோசாப்பூ படத்தோட, மீண்டும் வருக!

முந்நூறு பேரும் விசிறியைத் திருப்புனாங்க. ஒப்பாரி நின்னுபோச்சு. ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேக்குது. அப்ப அந்தச் செண்பகம், நான் குடுத்த குடத்துல தண்ணி மொண்டுக்கிட்டு நின்னவ, கேட்டா: "மருமகன் யாரை மறுபடி வரச் சொல்றாரு? வெள்ளத்தாயி அத்தையையா, எமனையா?"

அவ்வளவுதான். ஒப்பாரி வெச்ச பொம்பளைக்குத்தான் முதல்ல வெடிச்சது. முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டுக் குலுங்குறா. அப்படியே தெருக்கோடி வரைக்கும் போயிருச்சு. அழுத கண்ணோட அத்தனை பேரும் சிரிக்கிறாங்க, சிரிக்கக் கூடாதுன்னு நெனைக்க நெனைக்க இன்னும் ஜாஸ்தியாச் சிரிக்கிறாங்க. அய்யலுசாமி ஒருத்தன்தான் சிரிக்காம தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தான். அது எனக்கு இன்னும் வலிச்சது. சிரிச்சுத் தொலைச்சிருக்கலாம்ல?

சீனி சிரிக்கல. எந்திரிச்சு வந்தா. ஒவ்வொருத்தர் கையிலயும் இருந்த விசிறியை வாங்குனா. வாங்கி வாங்கி முந்தானையில போட்டா, நெறஞ்சதும் கொல்லைப்பக்கம் போனா, குளிப்பாட்ட வெந்நி காயிற அடுப்புல கொட்டுனா. திரும்ப வந்தா, திரும்ப வாங்குனா. அஞ்சாறு நடை. அத்தையைக் கடைசியாக் குளிப்பாட்டுன வெந்நி என் பேரை எரிச்சுக் காஞ்ச வெந்நிதான் தம்பி.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் வந்துருவான்னு பாத்தேன். எல்லாரும் கெளம்புனாங்க. நான் வாசல்ல நிக்கிறேன், அவ உள்ள நிக்கிறா. கேத வீடாச்சே, போயிட்டு வர்றேன்னு நான் சொல்லல. அவளும் வாங்கன்னு சொல்லல. அதுதான் முறை. ஆனா அன்னிக்கு முறைக்குச் சொல்லாம இருந்தாளா, இல்ல நெசமாவே சொல்லலையான்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியல. அதை நெனைச்சாத்தான் தொண்டைக்குள்ள சோறு எறங்க மாட்டேங்குது.

அப்புறம் நான் சும்மா இருந்தேனா? ஒரு புடவை எடுத்து, கூடவே மிச்சம் இருந்த ஒரு எவர்சில்வர் குடமும் வெச்சுக் குடுத்து அனுப்புனேன். புடவையை வெச்சுக்கிட்டா. குடம் திரும்பி வந்துச்சு. கடைத்தெருவுல இப்ப என் பேரே "மீண்டும் வருக"தான். "மீண்டும் வருக போறாரு பாரு"ன்னு என் காது படவே சொல்றாங்க. பேரு மனசுல நிக்கணும்னு கோட்டு சார் சொன்னாருல்ல, நின்னிருச்சு. ரெண்டு பெட்டியும் மூலையில கெடக்கு. அதைக்கூடப் பொறுத்துக்குவேன். வீட்ல மனுசி இல்லாம இருக்க முடியல தம்பி, அதான் நெசம்.

போன வாரம் வாத்தியார் பெரியப்பாவைப் பஸ்ல பாத்தேன். அவரு சொன்னாரு, சீனி வருத்தப்பட்டாளாம்: "அம்மாவுக்கு மாட்டி வைக்க ஒரு நல்ல படம்கூட இல்லையே பெரியப்பா, ரேசன் கார்டுல இருக்கிறதுதான் இருக்கு, அதுலயும் மொறைச்சுக்கிட்டு இருக்காங்க"ன்னு.

எனக்குச் சுரீர்னுச்சு. என்கிட்ட இருக்கே!

இந்தாங்க, இந்தப் போட்டோ. பாருங்க. கஞ்சித் தம்ளரு, வாயெல்லாம் சிரிப்பு. அத்தை அப்படிச் சிரிச்சு வேற படமே கிடையாது. இதைத்தான் ஒரு காலண்டரா அடிச்சுக் குடுக்கணும் நீங்க. ஒண்ணே ஒண்ணு. ஐநூறு அடிச்சாத்தான் அடிப்போம்னு ஆரம்பிக்காதீங்க, ஒண்ணு மட்டும் அடிக்கிற மிசினு வந்திருக்குன்னு எனக்குத் தெரியும்.

இங்க பாருங்க, இந்த ஓரத்துல பெட்டி தெரியுது. அதை வெட்டிருங்க. பெட்டியில என் பேரு தெரியுது, அதையும் வெட்டிருங்க. போன் நம்பர் வேண்டாம். கடைப் பேரு வேண்டாம். என்ன அப்படிப் பாக்குறீங்க? நெசமாத்தான் சொல்றேன், என் பேரு ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. அத்தை மட்டும் இருக்கட்டும். இந்தத் தடவை எனக்கு யாவாரமே வேண்டாம். அவ காலையில எந்திரிச்சுத் தாள் கிழிக்கும்போது அவங்க அம்மா சிரிக்கணும், அவ்வளவுதான். நானே கொண்டு போய் அந்த வீட்டுச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிட்டு, ஒரு வார்த்தை பேசாம வந்துருவேன். அந்த அய்யலு மாதிரி செருப்பைத் தெருவுலயே கழட்டிப் போட்டுட்டுத்தான் போவேன்.

ஆனா அவளைக் கூப்பிடணும்ல? வாயால கூப்பிட எனக்கு வராது தம்பி. இருபத்தஞ்சு வருசத்துல வாடின்னு ஒரு நாள் ஆசையாக் கூப்பிட்டதில்ல. அதனால அடியில ரெண்டே ரெண்டு வார்த்தை போடுங்க. அவளுக்குப் புரியும். நல்லாப் பெரிய எழுத்துல, அத்தை படத்துக்கு நேர் கீழ, நடுவுல வர்ற மாதிரி, "மீண்டும் வருக"ன்னு.

எழுதிக்கிட்டீங்களா? ஏன் தம்பி, பேனாவைக் கீழ வெச்சுட்டீங்க? எதுக்கு இப்படிச் சிரிக்கிறீங்க?